கழித்தற் கணக்கு: மன்னார்க் கரையில் எண்ணப்பட்டனவும் எண்ணப்படாதோரும்

மன்னார்த் தீவினதும் அதனை அடுத்த கரையோரத்தினதும் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மாதோட்டத் துறைமுகத்தின் தொன்மையையும், திருக்கேதீச்சரத்தின் சிறப்பையும், முத்துக்குளிப்பின் செல்வத்தையுமே விதந்து பேசியுள்ளனர். இவை பேசப்படவேண்டியனவே. ஆயினும் கடந்த இரு நூற்றாண்டுகளில் இக்கரை வகித்துவந்த வேறொரு பாத்திரமும் உண்டு. இது மனிதர் வந்திறங்கிய கரை. மனிதர் திருப்பி அனுப்பப்பட்ட கரை. மனிதர் துரத்தப்பட்ட கரை. வந்தோர் எத்தனை பேர், சென்றோர் எத்தனை பேர் என்ற வினா இங்கு மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அக்கணக்கை யார் வைத்திருந்தனர், அதனை யார் வெளியே எடுத்து மக்களுக்கு விளங்கும் கதையாகச் சொன்னார்கள், அக்கதைக்கு அரசு என்ன மறுமொழி கூறியது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

புள்ளிவிபரத்தைக் கொண்டு கதை சொல்லுதல் இன்று நகரத் திட்டமிடலிலும் கொள்கை வகுப்பிலும் ஒரு தனிப் பயிற்சியாகவே போதிக்கப்படுகின்றது. கணினியோடு பிறந்த புதுமையாக அதனைக் கருதுவோரும் உளர். உண்மையில் அதன் வேர்கள் 19ஆம் நூற்றாண்டில் உள்ளன. 1854இல் இலண்டன் நகரின் புறோட் வீதிப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, இறந்தோரின் வீடுகளை வரைபடத்திற் குறித்து, அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்திருந்தமையை மருத்துவர் ஜோன் ஸ்நோ காட்டினார். கிரைமியப் போரில் மாண்ட படைவீரருள் பெரும்பாலோர் காயத்தாலன்றி நோயாலேயே மாண்டனர் என்பதை 1858இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் வட்ட வரைபுகளால் விளக்கினார். 1869இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ள்ஸ் ஜோசப் மினாட், 1812இல் ரஷ்யாவிற்குட் புகுந்த நெப்போலியனது படையை 422,000 பேருக்குரிய அகன்ற பட்டையாக வரைந்து, அது மொஸ்கோவில் 100,000 பேருக்குரியதாகக் குறுகி, மீண்டு வருகையில் 10,000 பேருக்குரிய மெல்லிய கோடாகத் தேய்ந்ததைக் காட்டினார். தனித்தனிக் கோவைகளிற் கிடந்த எண்களை இம்மூவரும் அருகருகே வைத்தனர். வைத்த அளவிலேயே எண்கள் வினாவாக மாறின.

மினாட்டின் படத்திற்கு அடிப்படை கழித்தற் கணக்கே. புகுந்தோர் இத்தனை, மீண்டோர் இத்தனை, எஞ்சியோர் எங்கே? மன்னார்க் கரையின் அண்மைக்கால வரலாற்றையும் இதே கணக்கின் வரலாறாக நாம் நோக்கலாம்.

1. வடபாதை

1830களின் பிற்கூற்றிலிருந்து இலங்கையின் மத்திய மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பெருகியது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற் பெருந்தொகையான கைகள் வேண்டப்பட்டன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் நிலமற்ற மக்கள் கங்காணிமாரால் திரட்டப்பட்டு, பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்து மன்னார்த் தீவிலும் அதன் தெற்கேயுள்ள வங்காலை, அரிப்பு முதலிய கரைகளிலும் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர். இதுவே வடபாதை எனப் பெயர்பெற்ற வழி. பெரும்பகுதி வறண்ட காடு. குளங்கள் தூர்ந்து கிடந்தன. ஊர்கள் அருகியே காணப்பட்டன. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் கூட்டத்தோடு கூடவே நடந்தன. நடக்க இயலாதோர் வழியோரத்திற் கைவிடப்பட்டனர்.

இம்மக்கள் எண்ணப்படாமல் இருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. துறைகளில் வந்திறங்கியோரின் தொகையை அரசாங்கம் பதிந்துவந்தது. 1844ஆம் ஆண்டில் மட்டும் அத்தொகை 70,000ஐத் தாண்டியது. அவ்வாண்டின் பயிருக்குத் தொழிலாளர் போதுமா என்பதை அறியத் துரைமார் விரும்பினர். ஆகவே வருகைப் பட்டியல் ஒழுங்காக வைக்கப்பட்டது. புறப்பாட்டுப் பட்டியலும் இருந்தது. ஆனால் அதில் அக்கறை குறைவு. பழம் பறித்து முடிந்தபின் ஊர் திரும்பும் ஒருவர் தோட்டத்தின் இலாப நட்டக் கணக்கில் இடம்பெறாதவர். வழியில் இறந்தவருக்கோ பட்டியலே இருக்கவில்லை.

இந்த இரு பட்டியல்களையும் அருகருகே வைக்கும் வேலையைப் பத்திரிகை செய்தது. 1840களில் வந்தோருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வருள் ஒருவர், இத்தீவிலேயே மாண்டனரென 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ மதிப்பிட்டது. பெருந்தோட்ட நலனுக்கு எதிரான பத்திரிகையென அதனைக் கூறவியலாது. துரைமாரே அதன் வாசகர். எனினும் வருகைக்கும் புறப்பாட்டிற்கும் இடையேயிருந்த வேறுபாடு அவர்களாலும் மறைக்கமுடியாத அளவிற்குப் பெரிதாக இருந்தது. நால்வருள் ஒருவர் என்ற கூற்றே இங்குக் கதையாகின்றது. எழுபதாயிரம் என்ற எண்ணை மனத்தில் இருத்தல் கடினம். ஒரு தோணியில் அருகருகே அமர்ந்து வந்த நால்வருள் ஒருவர் திரும்பிச் செல்லவில்லை என்பதை எவரும் விளங்கிக்கொள்வர்.

இக்கணக்கை மறுத்தோர் கூறிய நியாயங்களையும் நாம் ஆராய்தல் வேண்டும். திரும்பிச் செல்வோர் பதிவில்லாத சிறுதுறைகளினூடாகவும் செல்கின்றனர். சிலர் தோட்டங்களிலேயே தங்கிவிடுகின்றனர். வேறு சிலர் ஊர்களிலும் நகரங்களிலும் வேறு தொழில் தேடிக்கொள்கின்றனர். ஆகவே வேறுபாடு முழுவதையும் சாவாகக் கொள்ளுதல் பிழை என்றனர். இவற்றில் உண்மை உண்டு. பிற்கால ஆய்வாளரும் புறப்பாட்டுப் பட்டியலின் குறைபாட்டை ஏற்று, பழைய மதிப்பீடுகளை எச்சரிக்கையுடனேயே கையாண்டுள்ளனர். கோப்பித் தொழிலாளரின் துயரத்தை விரிவாக ஆராய்ந்து 1989இல் நூலெழுதிய டொனவன் மொல்றிச் போன்றோர் இறப்பின் பேரளவை வற்புறுத்தியபோதும், உறுதியான தொகை இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

இவ்வுறுதியின்மைக்கு யார் பொறுப்பு? புறப்பாட்டுப் பட்டியலை வைக்கவேண்டியிருந்தது அரசாங்கம். அதனை ஒழுங்காக வைக்காததும் அரசாங்கம். தான் எண்ணத் தவறியதையே எதிராளியின் கணக்கிற்குரிய குற்றமாகக் காட்டுவது அரசின் பழைய உத்தி. பிழைபட்ட கணக்கிற்குத் தக்க மறுமொழி திருத்தமான கணக்கேயன்றி வேறில்லை. அத்தகைய கணக்கை எடுக்க அன்றைய நிர்வாகம் முன்வரவில்லை.

எனினும் கதை சொல்லப்பட்டமை முற்றிலும் வீண்போகவில்லை. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1858இல், தொழிலாளர் வருகையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவொன்று சட்டமூலம் நிறுவப்பட்டது. வழியில் தங்குமடங்களும் தண்ணீர் வசதிகளும் மருத்துவ நிலையங்களும் படிப்படியாக எழுந்தன. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. இவை இரக்கத்தால் மட்டும் விளைந்தனவல்ல. வழியில் இறக்கும் தொழிலாளி துரைமாரின் முற்பணத்தையும் உடன்கொண்டு இறக்கின்றான் என்ற கணக்கும் இவற்றின் பின்னே இருந்தது. மினாட் தமது படத்தை வரைந்த அதே 1860களில் வடபாதை ஆண்டுதோறும் தன் பட்டையைக் குறுக்கிக்கொண்டே சென்றது. அதை வரைவார் எவருமிலர்.

2. சிப்பிக் கணக்கு

அரசாங்கத்திற்கு எண்ணத் தெரியாது என்று எவரேனும் வாதிடக்கூடும். அதே கரையின் மற்றொரு தொழிலை நோக்குவோம்.

சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரேயுள்ள பார்களில் முத்துச்சிப்பி விளைந்த ஆண்டுகளில் வெறும் மணற்பரப்பில் ஒரு நகரம் எழும். ஓலைக் கொட்டில்களாலான தெருக்கள், கடைவீதி, மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம் ஆகிய யாவும் சில வாரங்களில் அமைக்கப்பட்டு, குளிப்பு முடிந்ததும் மறைந்துவிடும். யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரரும் வணிகரும் வந்து கூடுவர். நகரத் திட்டமிடலின் வரலாற்றை எழுதுவோர் இலங்கையில் முதலிற் பார்க்கவேண்டிய இடங்களுள் இத்தற்காலிக நகரமும் ஒன்று எனலாம். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் தண்ணீர், மலக்கழிவு, நோய்த்தடுப்பு ஆகியவற்றை எவ்வாறு ஒழுங்குசெய்வது என்பதை நிர்வாகம் இங்கு நன்கு கற்றிருந்தது.

இந்நகரத்தின் நடுவே இருந்தது கொட்டு. படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டு மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்திற்கு, ஒன்று குளிகாரருக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரத்திற்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்படும். ஆகவே ஒவ்வொரு சிப்பியும் எண்ணப்படவேண்டியதாயிற்று. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எண்ணப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேற்பட்டவை. வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டுக் குளிப்பில், பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப் இளம் சிவில் அதிகாரியாக மறிச்சுக்கட்டியிற் பணியாற்றினார்.

வடபாதையின் பெருமரணக் காலமும் மறிச்சுக்கட்டியின் பெருங்குளிப்பும் வெவ்வேறு தலைமுறைகளைச் சேர்ந்தன என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கொட்டு முறை 1905இற் புதிதாகத் தோன்றியதன்று. பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்திலேயே, தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட அரிப்பில் மாளிகை எழுப்பினார். அதன் இடிபாடுகள் கடலரிப்பிற்கு இரையாகிக்கொண்டே இன்றும் நிற்கின்றன. சிப்பியை எண்ணும் நுட்பமும் ஆளணியும் இக்கரையில் இருந்தன. கரையிறங்கிய மனிதர் திரும்பினரா என்பதை எண்ணும் தேவைதான் அரசாங்கத்திற்கு இருக்கவில்லை. எது வருவாயாகின்றதோ அது எண்ணப்படும்; எது செலவாகவோ பொறுப்பாகவோ மாறக்கூடுமோ அது மதிப்பீட்டிற்கு விடப்படும். குடியேற்ற நாட்டு அரசின் புள்ளிவிபரவியலுக்கு அடிப்படையான விதி இதுவேயென நாம் கருதுகின்றோம். அவ்வரசு மறைந்தபின்னும் விதி மறையவில்லை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

3. ஒப்பந்தத்தின் பின்னம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் பற்றிய அச்சத்தால் வடபாதை மூடப்பட்டது. 1914இல் புகையிரதமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கியபின் தலைமன்னார் மீண்டும் மலையகத்தின் வாயிலாயிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு வேறு நிரல்கள் வகுக்கப்பட்டன. ஒரு அட்டவணையில் வரையப்பட்ட இந்தக் கோடு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்கு ஆயத்த வேலியாக அமைந்தது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோராக்கப்பட்ட 975,000 பேரைப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவிற்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பின்னொரு பேச்சிற்கு. 1974இல் அவ்வெச்சமும் இரு நாடுகளுக்கிடையே 75,000 வீதம் சமமாகப் பங்கிடப்பட்டது. ஏழுபேர் செல்ல நால்வர் தங்கலாம் என்ற விகிதம் இங்கே கொள்கையாகியது. கொட்டில் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டவை சிப்பிகள். இம்முறை மூன்றாகப் பிரிக்கப்பட்டோர் தலைமுறைகளாக இந்நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்த மக்கள். மலையகத்திலிருந்து புகையிரதத்தில் வந்து, தலைமன்னார் இறங்குதுறையில் ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறியோரின் உறவினர் பலர் மற்றக் குவியலில் இருந்தனர். ஒப்பந்தத்தின் எண்கள் கூட்டிப்பார்த்தால் மிகச் சரியாகப் பொருந்தும். ஒரு குடும்பம் எத்தனையாகப் பிரிந்தது என்பதற்கு மட்டும் அதில் நிரல் இல்லை.

1984இல் கப்பற் சேவை நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் செல்லமுடியாதோரும் செல்ல விரும்பாதோரும் இந்நாட்டிலேயே எஞ்சினர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களுக்குரிய இறுதிக் கணக்கைத் தீர்த்தது. அரசுகள் இரண்டும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எண்களைப் பரிமாறியபின், மக்கள் வாழ்ந்த இடமே அவர்களது நாடு என்ற எளிய உண்மைக்குச் சட்டம் வந்துசேர்ந்தது.

4. நம்மவர் எண்ணத் தவறியது

கணக்கைப் பிழையாக வைத்திருந்தோர் அந்நிய அரசும் கொழும்பு அரசும் மட்டுமே என்று கூறி நாம் அமைதிகொள்ளவியலாது. 1990 ஒக்டோபரின் இறுதி நாட்களில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பெரும்பாலான மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும் தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவின் ஊர்களிலிருந்தும், முசலிப் பகுதியின் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களிலிருந்தும் மக்கள் நீங்கினர். தீவினர் பலர் படகுகளிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர்.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மன்னார் மாவட்டத்தின் சனத்தொகையிற் காற்பங்கிற்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். அதன்பின் 1991இற் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் மன்னாரில் அது முழுமைபெறவில்லை. 2012 வரை 31 ஆண்டுகள் இம்மாவட்டத்திற்கு முழுமையான குடிசன மதிப்பே இல்லை. இந்த இடைவெளிக்குள் ஒரு சமூகம் கரையிலிருந்து நீக்கப்பட்டது. போர் முடிந்தபின் மீள்குடியேற்ற உதவிகள் ‘புதிதாக’ இடம்பெயர்ந்தோர், ‘பழைய’ இடம்பெயர்ந்தோர் எனப் பிரித்தே வழங்கப்பட்டன. 2008 ஏப்பிரிலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழையோர். பழையோரென வகுக்கப்பட்டோர் திட்டங்களின் பட்டியலிற் பின்தள்ளப்பட்டனர். வெளியேற்றம் பற்றிய பிரசைகள் ஆணைக்குழு தனது அறிக்கையை 2011இல் வெளியிட்டபோதே, இக்கதை பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியோடும் தொகையோடும் ஒருங்கே சொல்லப்பட்டது.

இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப் புலமையுலகம் இக்கணக்கைக் கையிலெடுக்கத் தயங்கியது ஏன் என்ற வினாவை நாம் நம்மிடமே கேட்டல் வேண்டும். பிறர் வைத்திருந்த கோவைகளில் நம் மக்களின் இழப்பைத் தேடிய நாம், நம் பெயரால் நிகழ்ந்த இழப்பிற்கு ஒரு கோவையையும் திறக்கவில்லை.

5. 429,059 – 282,380

2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தது. மன்னார் மறைமாவட்ட ஆயராக இருந்த வணக்கத்துக்குரிய இராயப்பு ஜோசப் அவர்கள் (இவர் 2021 ஏப்பிரிலிற் காலமானார்) தம் குருமாருடன் சமர்ப்பித்த எழுத்துமூலச் சான்றில் இரண்டு எண்கள் இருந்தன. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் கச்சேரிக் கணக்கின்படி இருந்த மக்கள் 429,059. 2009 சூலை வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர், ஐக்கிய நாடுகள் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கின்படி, 282,380. வேறுபாடு 146,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்துமாறு ஆயர் கேட்டார்.

இச்சான்றின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஆயர் புதிதாக எந்த எண்ணையும் உருவாக்கவில்லை. ஓரெண் அரசாங்கத்தின் கச்சேரியினுடையது. மற்றையது ஐக்கிய நாடுகளினுடையது. இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி ஒரு கோடு கிழித்ததே அவர் செய்தது. எஞ்சியோர் யாவரும் கொல்லப்பட்டனர் என்றும் அவர் கூறவில்லை. விடை அவர்களுக்குத் தெரியும், அவர்களே கூறட்டும் என்ற நிலையிலேயே வினாவை நிறுத்தினார். ஆரம்பப் பள்ளி மாணவரும் செய்யக்கூடிய கழித்தல் அது. அந்த எளிமையே அதனை மறக்கமுடியாததாக்கியது.

எழுந்த மறுப்புகள் 1849ஆம் ஆண்டை நினைவூட்டின. கச்சேரித் தொகை உணவுப் பங்கீட்டிற்காக மிகையாகக் கூட்டப்பட்டது என்றனர். பலர் வேறு வழிகளில் வெளியேறினர் என்றனர். இவற்றிலும் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2009இன் தொடக்க மாதங்களில் வன்னியில் எஞ்சியிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேரே என அரசாங்கம் கூறிவந்தது. பின்னர் வெளிவந்தோர் அத்தொகையிலும் பன்மடங்கு அதிகம். குறைத்துக் கூறப்பட்ட தொகைக்கு ஏற்பவே உணவும் மருந்தும் அளவிடப்பட்டன. புள்ளிவிபரப் பிழை நூலகத்தில் நிகழும் தவறன்று என்பதற்கு இதனிலும் கொடிய உதாரணம் நமக்குத் தேவையில்லை. ஓரெண்ணைக் குறைத்தால் ஒரு கப்பல் அரிசி குறைகின்றது.

எனினும் கழித்தற் கணக்கு இம்முறை மறுகணக்குகளைப் பிறப்பித்தது. 2011 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்கமுடியாது என்றது. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா. உள்ளக மீளாய்வு அறிக்கை, கணக்கிற் காட்டப்படாதோர் 70,000 பேருக்கு மேற்பட்டிருக்கலாம் எனச் சுட்டியது. இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களமும் வடமாகாணத்தில் வீடுவீடாக ஒரு கணக்கெடுப்பை நடத்தி, போர்ச்சூழலில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 என்றும் காணாமற்போனோர் 2,600க்கு மேற்பட்டோர் என்றும் 2012இல் வெளியிட்டது. குடும்பமே முழுதாக அழிந்த வீட்டில் வினாவிற்கு விடையளிக்க எவருமிலர் என்ற குறைபாடு இம்முறைக்கு உண்டு. ஆயினும் அரசின் ஒரு திணைக்களம் எண்ணத் தொடங்கியது என்பதே 1849இலிருந்து இக்கரை கண்ட மாற்றம். தொகைகளுக்கிடையே உள்ள அகன்ற வேறுபாடு, பெயர்கொண்ட முழுமையான பட்டியல் ஒன்று இன்னும் வேண்டற்பாலது என்பதையே உணர்த்துகின்றது.

6. திட்டத்தின் படமும் மக்களின் நிரலும்

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு, போருக்குப் பின் இக்கரையில் வந்துசேர்ந்த திட்டங்களை நோக்குவோம். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி–கரடிக்குளிப் பகுதி வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஊரவர் 22 ஆண்டுகள் இல்லாதிருந்த நிலத்தைக் காடு மூடியிருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட படத்தில் அது காடாகவே தெரியும். ஊரவர் திரும்பிவந்து வெட்டத் தொடங்கியபோது, பசுமை மறையும் படங்கள் 2015இல் நாடெங்கும் பரவின. படம் பொய்யன்று, அதன் தொடக்க ஆண்டுதான் கேள்விக்குரியது. 1990க்கு முந்திய நிலையிலிருந்து தொடங்கியிருப்பின் அதே படம் ஊரொன்று காடாகிய கதையைச் சொல்லியிருக்கும். மறுபுறம், கல்லாறுப் பகுதியிற் காடழிக்கப்பட்டமை சட்டமுரணானதென 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்கலாகாது. மீள்குடியேற்றத்தின் நியாயமும் காட்டின் நியாயமும் ஒரே நிலத்தில் மோதின. கதையை எந்த ஆண்டில் தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பவரே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகின்றார் என்பது இதனாற் புலனாகும்.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதியில் 30 விசிறிகள் உள்ளன. அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாட். மீளாக்க சக்தி நாட்டிற்குத் தேவை என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஆனால் திட்டத்தின் கதை மெகாவாட் அலகிலேயே சொல்லப்பட்டது. தீவு மக்களின் அலகுகள் வேறு: மாரியில் வெள்ளம் வளவில் நிற்கும் நாட்கள், கரைவலைப் பாடுகளின் வருவாய், அழிந்த பனைகள், வலசை வரும் பறவைகள். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்விற்கும் எதிராக மன்னாரில் மக்கள் தொடர்போராட்டத்தில் இறங்கியபோது, இவ்வலகுகளே தெருவிற்கு வந்தன. அவை உணர்ச்சிக் கூற்றுகள் என ஒதுக்கப்பட்டால் அதற்குக் காரணம், அவை எந்த அலுவலகத்தின் நிரலிலும் ஆண்டுதோறும் எழுதப்படாமையே.

இங்கே பல்கலைக்கழகத்திற்கும் ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. இக்கரையில் மக்களின் கணக்குகள் இல்லாமல் இல்லை. கோவிற் பங்குகளின் பதிவேடுகள், பள்ளிவாசல்களின் பதிவுகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்கள், பாடசாலை வரவேடுகள் ஆகியவை எழுதப்பட்டு வருகின்றன. எந்த மழையில் எந்த ஒழுங்கை எத்தனை நாள் நீரில் நின்றது என்பதை ஒரு பாடசாலைப் பிள்ளை கொப்பியிற் குறிக்கலாம். ஐந்து ஆண்டுக் கொப்பிகளைத் திட்டத்தின் வடிகால் வரைபடத்தோடு அருகருகே வைத்தால், திட்டமிடுவோர் விடைகூறவேண்டிய வினா ஒன்று பிறக்கும். இதற்குப் பெருஞ் செலவும் அருங்கருவிகளும் தேவையில்லை. தொடர்ந்து எழுதும் கையும், எழுதியதைப் பாதுகாக்கும் நிறுவனமுமே தேவை.

வருகை மட்டும் எழுதப்பட்ட ஏட்டினால் வடபாதையின் இறந்தோர் மதிப்பீடாகவே எஞ்சினர். இரு ஏடுகளும் இருந்தமையால் 2011இல் ஓர் ஆயரால் வினா எழுப்ப முடிந்தது. இவ்விரண்டிற்குமிடையே உள்ள தூரமே இக்கட்டுரையின் செய்தி. நாளை இத்தீவைப் பற்றி எவரேனும் வினவ நேரின், கழிப்பதற்கு அவர்களிடம் இரண்டாவது எண் இருக்கவேண்டும். அதனை எழுதிவைக்கும் பொறுப்பு இன்று வாழும் நம்முடையது.